இருபத்தெட்டாம் நாள்

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரூபி, தங்கை எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்தாள். "புள்ளைக்கு மண்டையோடு வளரலையாம்டி. இன்னும் நாலு மாசம் கெடக்குல்ல, அதுக்குள்ள வளந்துராதா? நம்ம வீட்ல நீதான படிச்சவ, சொல்லு."

வளராது. கருவின் முதுகில் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லி, இரண்டு ஓரமும் எழும்பி, தலை வரைக்கும் குழாய்போல ஒட்டி மூடிக்கொள்ள, கரு உண்டானதிலிருந்து இருபத்தெட்டு நாள்தான். அதற்குள் மூடாதது அப்புறம் மூடாது; தலைப்பக்கம் மூடாவிட்டால் மேலே மண்டையோடும் வளராது. அப்போது ரூபி நாள் தள்ளிப்போனதையே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எஸ்தர் அதைக் காலேஜ் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்குப் பதிலாக, ஆங்கிலத்தில், படம் வரைந்து எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள். இப்படி மூடாமல் போவதைத் தடுக்கக் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட வேண்டும் என்ற வரியும் அந்தப் பதிலில் இருந்தது. அந்த எழவு வரியை வீட்டில் வந்து தமிழில் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இங்கிலீசுல வாய் கிழியுமே, இப்ப என்னத்துக்கு ஊமையாட்டம் நிக்கிற?" என்றாள் பெஞ்சின் மறுகோடியில் இருந்த அம்மா.

ரூபி தங்கையின் உள்ளங்கையைத் தன் வயிற்றில் வைத்து அழுத்தினாள். "பாரு, உதைக்குது. தலையில்லாத புள்ள இப்படி உதைக்குமாடி?"

உதைத்தது. எஸ்தர் கையை எடுக்கப் பார்த்தாள். ரூபி விடவில்லை.