பக்கத்து வீட்டுத் திட்டு

"வெக்கமா இல்ல உனக்கு? அடுத்தவங்க பொருள கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு இன்னா?"

ராஜம் அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். பக்கத்துப் போர்ஷன் பிரபா மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் புருஷன் ஆனந்தன், மூன்று வயசுகூட நிரம்பாத ரித்திக் என்ற மகன், அவ்வளவுதான் குடும்பம். ஆனந்தன் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவான். அப்புறம் திட்டு யாருக்கு விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

"வூட்ல பேசறத எல்லாம் வெளிய போயி சொல்றியே, அந்த வாய்க்கு சூடு வெச்சா இன்னா?"

சூடு வைப்பாளாமே. பெற்றவள் பேசுகிற பேச்சா இது? இந்த வாய் விளங்குமா?

பிள்ளை பதிலுக்கு ஒரு முனகல்கூடப் போடவில்லை. அதுதான் ராஜத்தை இன்னும் கொதிக்க வைத்தது. போன வாரம்வரை அவன் அழுகை, சிரிப்பு, சோறு வேண்டாம் என்கிற அடம் எல்லாம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. இந்த நாலைந்து நாளாக மூச்சே இல்லை. அழுதால் இன்னும் இரண்டு விழும் என்று பயந்து மூலையில் ஒடுங்கிக் கிடப்பான். கதவையும் பிரபா சாத்தியே வைத்திருந்தாள்.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் அந்தக் காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம் இருந்தது. ராஜம் மற்ற வீடுகளில் போய் முறையிட்டுப் பார்த்தாள். ஆளுக்கொரு சிரிப்பைச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு குழந்தை வதைபடுகிறது, இவர்களுக்கு இளிப்பு வருகிறது. மனிதர்களா இவர்கள்? புருஷன் தர்மராஜுக்குப் போன் போட்டால், நமக்கு எதுக்கு அந்தப் பேஜாரு என்று வைத்துவிட்டார்.

யாருக்கும் அக்கறை இல்லை என்றால் போகட்டும். ராஜம் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அங்கன்வாடிக்குப் போனாள்.

அங்கே டீச்சராக இருந்தவள் பெயர் வேண்டா. அவளுக்கும் ரித்திக் ஞாபகம்தான். இந்த வாரம் முழுக்கப் பையன் வரவில்லை, காய்ச்சலோ என்று நினைத்தாளாம். ராஜம் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. ஆயாவிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உடனே கிளம்பினாள்.

வழியெல்லாம் ராஜம் பொரிந்து தள்ளினாள். "எப்ப பாத்தாலும் அது குடு இது குடுன்னு வந்து நிக்கறியே, உனக்குன்னு ஒரு வேல கெடையாதாங்கறா. மூணு வயசுப் புள்ளைக்கு இன்னா வேல டீச்சர்? நேத்து தண்ணிய வீணாக்கறன்னு ஒரு மணி நேரம். கேக்கற எனக்கே கூசுது."

"எம் பேரப் பாருங்க," என்றாள் வேண்டா. "அஞ்சாவதும் பொண்ணாப் போச்சேன்னு வெச்சது. பெரியவங்க வாய்க்கு வந்தத நம்ம மேல போட்டுட்டு மறந்துடறாங்க. நான் இன்னிக்கும் அந்தப் பேர்லதான் கையெழுத்துப் போடறேன்."

ராஜத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்திலேயே பிரபாவின் கதவைப் படபடவென்று தட்டினாள்.

கதவைத் திறந்த பிரபா, டீச்சரைப் பார்த்ததும் திகைத்துப் போனாள். ராஜம் அவளை வாயைத் திறக்கவே விடவில்லை.

"நான் ஒண்ணும் மூணாம் மனுசி இல்ல பிரபா. கறிவேப்பிலைக்குன்னு ஒரு நாளாவது கடைக்குப் போயிருப்பேனா? எல்லாம் உன் செடிதான். மோட்டார் போட்டா உன் தண்ணி என் தண்ணின்னு பிரிச்சிருப்பேனா? நீயும் ஆனந்தனும் சண்ட போட்டப்ப வூடு வூடாப் போயி சொல்லி அழுதவ நான். அந்த உரிமையில கேக்கறேன். வாயில்லாப் புள்ளன்னுதான இந்தப் பேச்சு பேசற? இதையே ஒரு பெரிய மனுசியப் பாத்து பேசிடுவியா நீ?"

பிரபா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

வேண்டா பொறுமையாகத்தான் கேட்டாள். "புள்ளய ஒரு தபா பாக்கணும். எங்க கீறான்?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ப் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையிலும் இல்லை. ராஜம் பாய்ந்து வந்தாள். புள்ளய இன்னாடி பண்ண என்று பிரபாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அவன் ஊர்ல கீறான்க்கா. ஞாயித்துக்கெழம நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க இல்ல, அன்னிக்கே எங்கம்மா வந்து அச்சரப்பாக்கத்துக்குக் கூட்டிகினு போயிட்டாங்க."

வேண்டா திரும்பி வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா யாரத்தான் திட்டிகினு இருந்தீங்க?"

பிரபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வயசுல பெரியவங்கள எப்படி டீச்சர் நேரா சொல்றது?" என்றாள், ராஜத்தின் பக்கம் பார்க்காமல்.