பூஞ்சண வழக்கு

"அதிலை மட்டும் கை வைச்சியோ, வழக்கு அதோடை முடிஞ்சுது," என்றான் கிருபன்.

அவன் மனைவி றஜிதா பிளீச் போத்தலைக் கீழே வைத்தாள். படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் கூரைவரை கறுத்துப் படர்ந்திருந்தது. காப்புறுதிக் கம்பனியின் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை அதில் ஒரு புள்ளியும் குறையக்கூடாது என்று கிருபன் காவல் இருந்தான். பெற்ற மகளுக்குக்கூட அவன் இப்படிக் காவல் இருந்ததில்லை. மகளோ இருமிக்கொண்டு குசினியில் படுத்தாள்.

இத்தாலியின் போர்கோ வெக்கியோவில் கடன்பட்டு வாங்கிய வீடு. பூஞ்சண வழக்குகள் பெருகப் பெருக அவனுடைய காப்புறுதிக் கம்பனியும் விழித்துக்கொண்டது. நெருப்புக்கும் கள்ளனுக்கும் பொறுப்பாம், பூஞ்சணத்துக்கு மட்டும் இல்லையாம். சுவரைத் திருத்தாவிட்டால் அடுத்த வருடம் வீட்டையே கைகழுவிவிடுமாம்.

மிஞ்சியது ஒரே வழி. மேல்வீட்டுக்காரம்மா சின்யோரா எமிலியானாவின் தண்ணீர்தான் கீழே இறங்குகிறது என்று நிரூபித்தால், அவருடைய காப்புறுதி நட்டத்தைக் கட்டும். கிருபன் வழக்குப் போட்டான்.

"ஊராற்றை வீடெல்லாம் வாளி வாளியாய் ஊத்திக் கழுவிறன், என்ரை வீடு இப்பிடி நாறுது," என்றாள் றஜிதா. "இந்த இத்தாலியர் ஈரத்துணியாலை ஊத்தையைத் தடவி விட்டுட்டுத் துப்புரவு எண்டினம்."

"முதல்லை மேல்வீட்டு மனுசியிட்டை வேலைக்குப் போறதை நிப்பாட்டு. வழக்குப் போட்ட வீட்டிலை உனக்கென்ன வேலை?"

"வழக்கு உங்களுக்கும் அவவுக்கும். வேலை எனக்கும் அவவுக்கும்."

லோயருக்குப் போவதும் அந்தச் சம்பளம்தான்.

எமிலியானாவின் காப்புறுதிக் கம்பனியிலிருந்து பரிசோதகர் வந்தார். சுவரைத் தட்டினார், முகர்ந்தார், படம் எடுத்தார். புதுவீடு காட்டுகிறவனின் பெருமையோடு கிருபன் ஒவ்வொரு கறையாகக் காட்டினான்.

பிறகு எல்லோரும் மேலே போனார்கள். எமிலியானா கோப்பி வைத்தார். தன்மீது வழக்குப் போட்டவனிடமும் சீனி எவ்வளவு என்று கேட்டார். பரிசோதகர் குளியலறைத் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு குழாயாகப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"குழாய்களில் ஒரு பழுதும் இல்லை."

கிருபனின் முகம் செத்துப்போனது.

"ஆனால் தரை ஊறிக் கிடக்கிறது. தண்ணீர் வெளியே போக வழியில்லாத தரை இது. இதில் யாரோ ஓயாமல் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள். அதுதான் ஓடுகளின் இடுக்கால் கீழே இறங்கியிருக்கிறது."

கிருபனுக்கு உயிர் திரும்பியது.

"பாத்தீங்களோ, நான் சொன்னது சரி. இதுக்குக் காரணமான ஆளின்ரை பேரை அறிக்கையிலை எழுதுங்கோ. முழு நட்டத்துக்கும் அந்த ஆள்தான் பொறுப்பு. நான் ஒருத்தரையும் விடமாட்டன்."

"எழுதத்தான் வேண்டும்," என்று பரிசோதகர் பேனையை எடுத்தார். "யார் அது?"

எமிலியானா கோப்பையை வைத்துவிட்டு, கதவடியில் நின்றவளைப் பரிவோடு பார்த்தார்.

"றஜிதா, உன்னுடைய முழுப்பெயரை இவருக்குச் சொல்லம்மா."