எண்ணெய்க் கை

சொரிமுத்துவின் உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்கள்.

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறவன் அவன். எட்டு வயது முப்பிடாதியைச் சீரழித்தது அவன்தான் என்று பிள்ளையின் தாய் குழல்வாய்மொழி, அம்மன் கோயில் முன்னால் கூடிய ஊர்ச்சபையில் சொல்லிவிட்டாள்.

குற்றமில்லாதவன் கையை அம்மன் சுடமாட்டாளாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷத்திலும் அந்த ஊர் நியாயம் அதுதான்.

என்ன எழவு நியாயமோ! முப்பது வருஷம் எண்ணெயில் ஊறிய கை. குபீரென்று பற்றிக்கொண்டது. அலறிக்கொண்டு உதறினான்.

"சுட்டுட்டுல்லா! இவன்தாம்லே!"

சூடம் கொளுத்திய ஊர்த்தலைவர் சங்கிலிப்பாண்டி, பிள்ளையின் தாய்மாமன். முதல் மிதி அவருடையது. பிறகு ஆளாளுக்கு மிதித்தார்கள்.

பள்ளிக்கூடத்து வள்ளித்தாய் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை பேரில் ஒருத்தராவது அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? சின்னப்பிள்ளை சபையில் வாய் திறக்கக் கூடாதாமே!

டீச்சர் முப்பிடாதியைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயப்படாதட்டி. யாருன்னு எங்கிட்ட மட்டும் சொல்லு."

பிள்ளை வெகுநேரம் டீச்சரின் சேலைத்தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது.

"எங்க மாமா," என்றது.

டீச்சர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று சபைக்குத் திரும்பினாள். சங்கிலிப்பாண்டியின் முன்னால் போய் நின்றாள்.

"பிள்ளை உங்களத்தான் சொல்லுதா அண்ணாச்சி. உங்க கையில சூடமெல்லாம் வைக்க வேண்டாம். தென்காசி ஸ்டேஷனுக்கு வாங்க. அங்க விசாரிக்கட்டும். பிள்ளைய டாக்டர் பார்க்கட்டும்."

அவர் சிரித்தார். "சின்னப்பிள்ளை பேச்சையெல்லாம் சபைக்குக் கொண்டாரலாமா டீச்சர்?"

இவ்வளவு நேரம் மிதித்த ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். சாரல் விழுகிறதாம், நனைந்துவிடுவார்களாம். தூ!

வெந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சொரிமுத்து சேற்றில் கிடந்தான். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நாதியில்லை.

டீச்சர் தாயின் தோளைத் தொட்டாள். "நீ வா குழலு. பெத்தவ நீ வந்து சொன்னாப் போதும்."

குழல்வாய்மொழி டீச்சரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிள்ளையை இழுத்து முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"மாமா பேரை எடுக்காத, எண்ணெய்க்காரன்னு சொல்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ஏட்டி!"