பிடித்தால் விடாது

அண்ணன் லோரிச் சக்கரம் கழற்றும் இரும்பால் தோட்டத்து மண்டோர் தங்கராஜுவின் முழங்காலில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

மண்டோர் எங்கள் வீட்டு வாசல் சிமெண்டில் வாய் அடிபடக் குப்புற விழுந்தார்.

அப்பாவை எரித்து நான்கு நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரி அறிக்கை இன்று மத்தியானம் வந்தது. இரத்தத்தில் மண்கிருமியாம். காலில் இருந்த சர்க்கரைப் புண் வழியாக ஏறியிருக்கிறது.

படித்துச் சொன்னவள் நான்தான். நீலாயில் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாக அந்தச் சனியனைத்தான் ஆராய்கிறேன்.

அதன் வெளிச்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. ஒரு கூறு சவ்வுக்குள் ஆப்பு மாதிரி இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு கூறு வெளியே நீண்டு நம் உயிரணுவைப் பற்றும். பிடித்தால் விடாது.

அதை அழகு என்று வேறு ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

“அவரச் சேத்துல எறங்கச் சொல்லி நான் அனுப்பல, நான் அனுப்பல” என்று மண்டோர் இரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னார். தோட்டத்தில் யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்பது அவர் பொறுப்பு. யார் நம்புவார்கள்?

லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் தள்ளி நின்றார்கள். அண்ணன் கையில் இரும்பு இருக்கும்போது எவன் கிட்டே வருவான்?

இன்னும் இரண்டு அடி விழுந்தால் மனிதர் செத்துவிடுவார்.

அண்ணன் மூச்சிரைக்க என் பக்கம் திரும்பினான்.

“ரோகினி, நீ படிச்சவதானே, சொல்லு! அந்தச் சேத்து மண்ணுலேருந்துதானே வந்துச்சு?”

“ஆமாண்ணே. மண்ணுலதான்.”

பொய்யில்லை. அடுத்த அடி மண்டோரின் வாயில் விழுந்தது.

அவர் சத்தம் நின்றுபோனது. விரல்கள் மட்டும் சிமெண்டைப் பிறாண்டின.

“போதும்லா, விட்டுரு!” என்று யாரோ கத்தினார்கள். கத்தியது நானாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயம். அண்ணன் மேல் பயம், அம்மா முகத்தைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான், வேறொரு மண்ணும் இல்லை.

அண்ணன் மறுபடியும் ஓங்கினான்.

அப்பா சேற்றில் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று தோட்டத்தில் வேலையே கிடையாது.

களைமருந்து படாத மண்ணாக ஒரு டப்பா அள்ளி வையுங்கள் அப்பா, ஆய்வுக்கு வேண்டும் என்று போன் செய்தது நான். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.