குலுக்கிப் பார்த்தால் தெரியும்

லோத்குண்டாவில் இருக்கும் அவர்கள் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் சாயங்கால வெயில் சாய்வாக விழுகிறது. காலிப் பால்பவுடர் டப்பாக்களைப் படுக்கவைத்து, மரச்சட்டம் அடித்து, சிவஞானம் தன் கையாலேயே செய்த அலமாரி அங்கே இருக்கிறது. ஸ்க்ரூ, வாஷர், கீல் என்று டப்பாவுக்கு ஒரு சாமான். எதன்மேலும் பெயர் எழுதியதில்லை. டப்பாவை எடுத்து ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், உள்ளே இருப்பது என்னவென்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்றைக்கு ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒன்றை எடுத்து அதன் மூடிமேல் பசைபோட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலையில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிவைத்துவிட்டு வந்த அலமு, காப்பி டம்ளரோடு கணவனைப் பார்த்தபடி நிற்கிறாள்.

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்குங்க இது?"

"சும்மாத்தான்." அவர் நிமிரவில்லை. "இந்தா பாரு, இது சமையல்கட்டுக் குழாய்க்குப் போடற வாஷர். ஒழுகுச்சுன்னா இதைத்தான் மாத்தணும். பக்கத்து டப்பால இருக்கறது கொசுவலைக் கதவுக்கு."

அவர் விரல்நுனியில் பசை காய்ந்து தோல்போல உரிகிறது. மிலிட்டரி மைதானத்துப் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டு அடங்குகிறது. காப்பியில் ஆடை படிந்துவிட்டது. அலமு டம்ளரைப் படியில் வைக்கிறாள். பசை காயாத அந்தக் குழாய் வாஷரை மூடியிலிருந்து நகத்தால் பிய்த்தெடுக்கிறாள். மூடியைத் திறந்து உள்ளே போடுகிறாள். ரப்பர், சத்தமே இல்லாமல் விழுகிறது.

"நக்கோ," என்று அந்த ஊர் இந்தியில் மறுக்கிறாள். "இதெல்லாம் எனக்கு வேணாம். ஒழுகினா ஒழுகட்டும். நீங்களே வந்து குலுக்கிப் பாத்து எடுத்துப் போடுங்க."