தன் வீட்டைத் தானே குறை சொன்னவர்

"இந்தச் சுவரைப் பாருங்க மேடம், எப்படி ஓதம் ஏறியிருக்கு!"

வீட்டுக்காரர் ஆசை ஆசையாகக் காட்டினார். வீட்டை மதிப்பிட வந்திருந்த 'பூதக்கண்ணாடி'க்குப் பொறி தட்டியது. எதையும் சந்தேகப்படுவதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

பத்து வீடுகளை மதிப்பிட்டு, மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் மதிப்பீட்டாளர் சான்றிதழ். இது பத்தாவது வீடு. முந்தைய ஒன்பது வீட்டுக்காரர்களும் விரிசல் மேல் காலண்டர் மாட்டி மறைத்தவர்கள். இவர் காலண்டரைக் கழற்றிக் காட்டுகிறார்!

சுவரைத் தொட்டாள். ஈரம்தான். ஆனால் ஓதம் கீழிருந்தல்லவா ஏறும்? இது மேலிருந்து வழிந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு வாளி, குவளை.

"எதுக்குங்க இந்த மதிப்பீடு?"

"நானும் தங்கச்சியும் பாகம் பிரிக்கிறோம். ஒருத்தர் வீட்டை எடுத்துக்கிட்டு, மத்தவருக்குப் பாதி விலையைக் கொடுத்துடணும்."

அப்படியா சேதி! தங்கை வயிற்றில் அடிக்கத்தான் இத்தனை நாடகமா?

"மாடி வேற ஒழுகுது மேடம்..."

"போதும், போதும். நான் பார்த்துக்கறேன்."

மாடிக்கு அவள் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. 'ஒழுக்கு இல்லை' என்று எழுதினாள். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் விலையைக் கூட்டியே போட்டாள். கூடப் பிறந்தவளை ஏமாற்றப் பார்க்கிறவருக்கு நன்றாக வேண்டும்!

மேலதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "இவ்வளவு போகுமாம்மா?"

"போகும் சார். அந்த ஆள் குறைச்சுக் காட்டப் பார்த்தார். நான் விடலை."

கையெழுத்து விழுந்தது. அடுத்த வாரமே சான்றிதழும் வந்துவிட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் ஒரு பெண் அந்த அறிக்கையோடு வந்து நின்றாள். வீட்டுக்காரரின் தங்கையாம்.

"உட்காருங்க. உங்க அண்ணன் பாச்சா என்கிட்ட பலிக்கலை. உங்க பங்கு பைசா குறையாது."

அந்தப் பெண் உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் குறைக்க முடியாதா மேடம்? இதில பாதியைப் புரட்ட எனக்கு வழியில்லை. வீட்டை வெளியாளுக்கு வித்துட வேண்டியதுதான்."

"நீங்க ஏன் புரட்டணும்? கொடுக்க வேண்டியவர் உங்க அண்ணனாச்சே?"

"இல்லையே மேடம், வீட்டை எடுத்துக்கறதா இருந்தது நான்தானே. அண்ணன் எனக்குச் சும்மாவே எழுதித் தர்றேன்னார். நான்தான் வீம்பா, 'மதிப்பீட்டில என்ன வருதோ, அதில பாதியை நீ வாங்கிக்கிட்டாத்தான் ஆச்சு'ன்னு பிடிவாதமா நின்னேன்."