கயிற்றடியில் ஊசி

“வலை கடலுக்குள்ள கிடக்கு மிஸ்ஸி. ஒருத்தனையும் விட ஏலாது!”

கரைவலைச் சொந்தக்காரரான பற்றிக் சம்மாட்டி கையை விரித்தார். தாதி எல்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பக்கத்துக் குடியிருப்பில் வாந்திபேதி. திறந்த மருந்துப் போத்தலை மூடி வைக்க முடியாது. பெட்டியில் ஐஸ் கரைகிறது. மத்தியானத்துக்குள் ஜீப் புல்மோட்டைக்குப் போயாக வேண்டும். நிலாவெளி மாதா கோயில் வளவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. ஆம்பிளைகளுக்குப் போட்ட கதிரையில்தான் ஒரு காகம் குந்தியிருந்தது.

போன தடவை ஊசியைக் கண்டதும் அத்தனை ஆம்பிளைகளும் பனங்காட்டுக்குள் ஓடி ஒளித்தவர்கள்.

“உங்கட ஆக்களின்ர உயிரைவிட மீன் பெரிசோ?”

“இண்டைக்கு மீன்தான் பெரிசு. அவ்வளவு அவசரமெண்டா கயிற்றடிக்கு வந்து குத்துங்கோ.”

இவரும் ஒரு மனிசனா? எல்சி ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினாள்.

கடலுக்குள் போகும் இரண்டு கயிறு. ஒவ்வொன்றிலும் பதினாலு பேர். எல்லாரும் வெறும் மேல்.

“ஐயோ மிஸ்ஸி, எனக்கு வேண்டாம்!” கயிற்றில் முதலாவதாக நின்ற வின்சன்ட் நெளிந்தான்.

“கயிறை விட்டவனுக்கு மீனில பங்கில்லை!” என்று கத்தினார் சம்மாட்டி.

வின்சன்ட் கண்ணை மூடிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். குத்தியாயிற்று.

“சீ! நுளம்புக் கடிக்கோ இந்தப் பாடு?” அடுத்து நின்ற அன்ஸார் சிரித்தான். ஊசி அவனிடம் வந்தது. “உம்மா!” என்று அவன் போட்ட சத்தத்தில் கரை முழுக்கச் சிரிப்பு.

“சம்மாட்டி, கயிறு அசையுதில்லை. பாறையில கொழுவிட்டுதோ?” கயிறு இழுத்த ஒருவன் கேட்டான்.

“விசர்க்கதை கதையாத! மீன்பாரமடா, இழு!”

அதற்குப் பிறகு ஒருவரும் கை எடுக்கவில்லை. பாட்டும் தொடங்கிவிட்டது. பாட்டோடு பாட்டாக எல்சி கடைசி ஆள்வரை குத்தி முடித்தாள்.

பற்றிக்கும் வந்து கையை நீட்டினார். எல்சி முகம் கொடுக்காமல் குத்தினாள்.

“உயிரைவிடப் பெரிய அந்த மீனையும் பாத்திட்டே போறன்.”

பற்றிக் அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்கள் முதல்ல ஜீப்பில ஏறுங்கோ மிஸ்ஸி. வலை கொட்டிலுக்குள்ள கிடக்கு. கயிறு ரெண்டையும் விடிய முன்னம் நான்தான் கடலுக்குள்ள பாறையில கட்டிப்போட்டு வந்தனான்.”